நரிக்கரட்டுக்கு வடக்கே

'மடை' என்று பேர் வைத்தார் வெள்ளைக்கண்ணு.
மேலூரில் வெள்ளிதோறும், நாலு பக்கம், பத்துப் பைசா.
முதல் இதழின் முதல் செய்தி:
பெரியாறு கால்வாயில் தண்ணீர் வரவில்லை.
இரண்டாம் இதழில்:
இன்னும் வரவில்லை.
மூன்றாம் வாரம் தண்ணீர் வந்தது,
பத்திரிகை வரவில்லை.
அச்சுக்கோக்கிற ஜெய்லானிக்கும்
கடைமடையில் ஒன்றேகால் ஏக்கர் இருந்தது.

நான் சேர்ந்தது எழுபத்தெட்டில்.
மெய்ப்புப் பார்க்க மாதம் தொண்ணூறு ரூபாய்.
"ரகரம் றகரம் ரெண்டையும் பிரிச்சு விட்டுரு, சூசைமேரி,
மத்ததை ஊர் பாத்துக்கும்" என்றார்.

ஊர் பார்த்துக்கொண்டது.
மொய்ப் பட்டியலில் தன் நூற்றைம்பத்தொன்று
நூற்றுப்பதினைந்தாகிவிட்டதென்று
கம்பூர்க்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து உட்கார்ந்தார்.
மறுப்பு அச்சேறும்வரை எழுந்திருக்கவில்லை,
மதியச் சோறும் எங்களோடுதான்.
மஞ்சுவிரட்டில் மாடு பிடித்தவன் பேர் மாறிப்போய்
வாசல் கண்ணாடி உடைந்தது.
உடைத்தது பிடித்தவனா, பிடிக்காதவனா என்று
அடுத்த வாரம் நாங்களே எழுதினோம்.

வெள்ளைக்கண்ணு போனபின் மகன் தமிழ்க்குமரன்.
ஆப்செட் வந்தது, வண்ணம் வந்தது,
கடைசிப் பக்கம் முழுக்கக் கல் கம்பெனி வந்தது,
வருடம் முழுக்க, முன்பணத்தோடு.
லாரி போகும்போதெல்லாம்
என் மேசையில் பேனா தானாக உருண்டது.
அதை எழுதவில்லை.
புளியங்கண்மாய்க்குள் கழிவுக்கல்லைக் கொட்டிய வாரம்
எங்கள் தலைப்பு:
கழுத்துவலிக்கு எளிய ஆசனங்கள்.

நிருபர் இருளப்பன் ஒருமுறை
பதினோரு வரி எழுதிக்கொண்டு வந்தான்.
பிழையே இல்லை.
'சரி' போட்டு உள்ளே அனுப்பினேன்.
வெளிவந்த பக்கத்தில் அந்த இடத்தில்
பட்டுப்புடவைத் தள்ளுபடி.
தீபாவளிக்குப் பிறகு அவன் வரவில்லை.
நான் வந்தேன்.
சம்பளம் ஒன்றாம் தேதி.

நரிக்கரடு எப்போது போயிற்று என்றால்
எனக்குத் தேதி தெரியாது.
முதலில் மூக்கு, பிறகு தோள்,
ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது
அந்தப் பக்கத்து ஊர்
இந்தப் பக்கம் தெரிந்தது.

வழக்கில் கம்பெனி சொன்னது:
அங்கே கரடென்று ஒன்று இருந்ததே இல்லை.
பட்டா நிலம். மேடுகூடக் கிடையாது.
வரைபடத்தில் அந்த மூலையை மட்டும்
கரையான் படித்துவிட்டிருந்தது.

வக்கீல் ஆயிஷா பானு மூன்று நாள்
எங்கள் பைண்டுகளைப் புரட்டினார், தும்மிக்கொண்டே.
முப்பத்தைந்து வருடத் தலையங்கத்தில் கரடு இல்லை.
செய்தியில் இல்லை.
கிடைத்தது ஒரே ஒரு வரி விளம்பரம்,
எண்பத்தொன்று ஆவணி, கட்டணம் இரண்டு ரூபாய்:

நரிக்கறட்டுக்கு வடக்கே மேயப்போன வெள்ளாடு,
இடது காது மூளி, காணவில்லை.
கண்டவர் சொல்லவும். சோலைமலைக்கோன்.

எதிர்த்தரப்பு எழுந்தது.
"கனம் நீதிபதி அவர்களே,
கறடு என்று தமிழில் ஒரு சொல்லே இல்லை.
இல்லாத சொல்லுக்கு வடக்கே
எந்த ஆடும் மேய்ந்திருக்க முடியாது."

எனக்குச் சம்மன் வந்தது.
மாட்டுத்தாவணியில் இறங்கி
நடந்தே போனேன் கோர்ட்டுக்கு.

"அந்த இதழை மெய்ப்புப் பார்த்தது?"
நான்தான்.
"இது பிழையா?"
பிழை. இடையின ரகரம் வரவேண்டிய இடம்.
"உங்கள் பிழையா?"
ஆமாம்.
"வேறென்ன விட்டுவிட்டீர்கள்?"

கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.
வழுவழுவென்றிருந்தது,
எத்தனை பேர் கையோ.
பதினோரு வரியும் மனப்பாடமாகத் தெரியும்.
முதல் வரியைச் சொன்னேன்.
சம்பந்தமில்லாதது என்றார்கள்.
இரண்டாம் வரியைச் சொன்னேன்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிக் கேட்டார்,
அந்த ஆடு கிடைத்ததா?

அடுத்த இதழைத் தேடினோம்.
பைண்டில் அந்த வாரம் இல்லை.
தண்ணீர் வந்திருக்க வேண்டும்.